தொப்பூர் இறக்கத்துக்கு முன் ஓர் இளைப்பாறும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையில் உள்ள தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளைப் பற்றித் தமிழ் நாளிதழ்கள் ஆண்டுக்கணக்காக எழுதி வருகின்றன. சாலையின் சரிவு, வளைவு, டீசலை மிச்சப்படுத்துவதற்காக நியூட்ரலில் இறங்கும் லாரிகள், சூடேறிப் பிடிப்பை இழக்கும் பிரேக் எனக் காரணங்கள் பலமுறை அலசப்பட்டுவிட்டன. உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டமும் இருக்கிறது. அந்தக் காரணங்களோடு, யாரும் அதிகம் பேசாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். வீட்டுப் பிராணியை உடன் வைத்துக்கொண்டு வடக்கிலிருந்து சொந்த ஊருக்கு வண்டியில் திரும்பும் குடும்பங்களுக்கு, வழியில் வண்டியை நிறுத்திவிட்டு நிம்மதியாகக் கண் அயர இடம் கிடைப்பது அரிதாக இருக்கிறது. அதனால் அவர்கள் இரவெல்லாம் ஓட்டி வருகிறார்கள். அந்த உறக்கமில்லாத கண்களோடுதான் விடியற்காலையில் தொப்பூர் இறக்கத்துக்கு வந்து சேருகிறார்கள்.

நான் மத்திய அரசுப் பணியில் நாக்பூரில் இருந்து ஓய்வு பெற்று, ஏற்காட்டு மலையில் உள்ள பூர்வீக வீட்டுக்கு அண்மையில் குடிவந்தவன். எங்களோடு வர வேண்டியவர்களில் ஒரு நாயும் இருந்தது. அது விலை கொடுத்து வாங்கிய சாதி நாய் அன்று. குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் குட்டியாகக் கிடந்து, பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்த நாட்டு நாய். வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்துவிட்டதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதைக் கீழே இறக்கிவிட்டே ஆக வேண்டும். ரயிலில் கொண்டு வரலாமே என்று பலரும் சொன்னார்கள். குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் கூபேயையோ நால்வர் அறையையோ முழுவதுமாக நம் பெயரில் பதிவு செய்திருந்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் ஏற்ற வேண்டும். கூபே ஒதுக்கப்படுமா என்பது சார்ட் தயாராகும் வரை தெரியாது. தளர்ந்த நாயைக் கூண்டில் அடைத்து ஓர் இரவும் பகலும் அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. விமானத்தில் பெரிய நாய் என்றால் சரக்குப் பகுதிதான். ஆகவே டெம்போ டிராவலர் அடிச்சட்டத்தில் படுக்கை, சிறு சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, என் மகனும் நானும் மாறி மாறி ஓட்டி வந்தோம்.

நாக்பூரிலிருந்து சேலம் வரை வழி தேடும் வேலையே கிடையாது. தேசிய நெடுஞ்சாலை 44 ஒன்றே ஆதிலாபாத், நிர்மல், ஹைதராபாத், கர்நூல், அனந்தபூர், பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று கொண்டுவந்து சேர்த்துவிடும். தூரம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை என்று பெரிய ஆறுகளையெல்லாம் பாலத்தின் மேலேயே கடந்துவிடலாம். சாலையைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. குறை, சாலையை விட்டு இறங்கும் இடத்தில்தான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புதான் நினைவுக்கு வரும். ஓசூரைத் தாண்டியதிலிருந்து நாங்கள் நின்ற இடமெல்லாம், உள்ளே இருப்பது எந்த நடிகர் என்று கேட்டு இளைஞர்கள் கூடினார்கள். கதவைத் திறந்ததும் நரைத்த மூக்கோடு ஒரு நாய் எட்டிப் பார்த்ததில் அவர்களுக்கு ஏமாற்றம். அந்த மட்டும் வேடிக்கையாக இருந்தது. ஆனால் இரவு தங்குவதற்கென்று ஒரு விடுதி வளாகத்தில் நுழைந்தால், “குடும்பத்துக்கு ரூம் இருக்குங்க சார், நாய்க்கு இல்லைங்க, வண்டியையும் உள்ளே போடக் கூடாதுங்க” என்ற பதில்தான் கிடைத்தது. அறையே வேண்டாம், வண்டியிலேயே படுத்துக்கொள்கிறோம், நிறுத்துவதற்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாலும், அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார்கள். பெட்ரோல் பங்குகளில் லாரிகளுக்கு இடையில் நிறுத்தலாம். ஆனால் இரவு முழுவதும் ஏர் ஹாரனும் எஞ்சின் புகையும் இருக்கும். நாயை இறக்கிவிட்டால் அங்கேயே வாழும் தெருநாய்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளும். சாலையோரத்தில் நிறுத்துவதோ உயிரோடு விளையாடுவது. நின்றிருக்கும் வண்டியின் பின்னால் மோதிய செய்திகளைத் தங்கள் நாளிதழிலேயே எத்தனை முறை படித்திருக்கிறோம்!

நகர வாசகர்கள் சிலர் இங்கே, நாயை வண்டியிலேயே விட்டுவிட்டு அறையில் போய்ப் படுத்தால் என்ன என்று கேட்கக்கூடும். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல மனம் படைத்தவர்களும் தெரியாமல் செய்வது இது. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் சிறிதளவு வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் அது உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி. சுற்றியுள்ள காற்றே சூடாகிவிட்டால் எவ்வளவு இரைத்தும் பயனில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் வெப்பத் தாக்கு ஏற்பட்டு, உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் விரைவில் வரும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் ஏறத்தாழ 22 டிகிரி உயர்கிறது, அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது, கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கிவிடுவதால் பெரிய வேறுபாடு உண்டாவதில்லை என்று 2005-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் அளந்தது, வெளியே வெப்பம் 36 டிகிரிக்கு மேல் போகாத நாட்களில். சித்திரையிலும் வைகாசியிலும் 40 டிகிரியைத் தொடும் சேலத்து வெயிலை அதன் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கேரவனில் ஏ.சி. இருக்கிறதே என்பதும் பாதி உண்மைதான். எஞ்சின் ஓடும்போது குளிர்ச்சிக்குக் குறையில்லை. எஞ்சினை அணைத்துவிட்டால், வெளியிலிருந்து மின் இணைப்பு கொடுத்தாலோ ஜெனரேட்டர் ஓடினாலோ அது தொடரும்; பேட்டரியை மட்டும் நம்பினால் அதன் கொள்ளளவு தீரும் வரைதான். பேட்டரி தீர்ந்து ஏ.சி. நின்றுவிட்டால், அறைக்குள் உறங்குபவருக்குத் தெரியப்போவதில்லை. தகரக் கூரைக்குக் கீழே கதவு சாத்தப்பட்ட நிலையில் ஒரு வாயில்லாச் சீவன் மாட்டிக்கொள்ளும். பிராணிக்குத் தேவையற்ற வேதனை உண்டாக்குவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். ஆகவே பொறுப்புள்ளவர்கள் நாயை விட்டுப் பிரிய மாட்டார்கள், அறையும் கிடைக்காது, பகலில் தார்ச்சாலை கொதிக்கும். புறங்கையைத் தாரின் மேல் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. கர்நூலுக்கும் அனந்தபூருக்கும் இடையில் நண்பகலில் என் கையை அங்கே வைத்தவுடனேயே எடுத்துவிட்டேன். இத்தனையையும் கூட்டிப் பார்க்கும் எந்தக் குடும்பமும் ஒரே முடிவுக்குத்தான் வரும்: வெயில் தாழ்ந்ததும் கிளம்பி, இரவோடு இரவாக ஓட்டி, விடிவதற்குள் ஊர் சேர்ந்துவிடலாம்.

அந்த முடிவு தொப்பூரில் என்ன செய்யும் என்பதைத் தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹைதராபாத்திலிருந்து மாலையில் புறப்பட்டவருக்கும், பெங்களூருவில் நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டவருக்கும், இறக்கத்துக்குச் சற்று முன்னால் உள்ள பாளையம் சுங்கச்சாவடியை அடையும்போது பெரும்பாலும் கருக்கல் நேரமாகத்தான் இருக்கும். மனித உடல் உறக்கத்தை மிகவும் கெஞ்சும் நேரம் அதுதான். சேலம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்ற அசட்டுத் துணிச்சலும் அந்த இடத்தில் வரும். அதற்குப் பிறகு சாலை இரட்டைப் பாலத்தை நோக்கிச் சரிகிறது. முன்னால் பார இரும்பு ஏற்றிய டிரெய்லர் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் பிரேக் பிடிக்குமோ பிடிக்காதோ என்று ஒரு லாரி வந்துகொண்டிருக்கும். கேரவனுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தண்ணீர்த் தொட்டியில் நூறு லிட்டர் இருந்தால் அதுவே நூறு கிலோ; அது பாதி நிரம்பியிருந்தால் வளைவில் அலம்பி வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். உயரமான வண்டி என்பதால் காற்றும் தள்ளும். இதற்கிடையில் பின்னால் கட்டாமல் விட்ட நாய், இறக்கத்தில் மிரண்டு ஓட்டுநரின் காலடிக்கு ஓடிவந்து பிரேக் பெடலுக்கு அடியில் புகுந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாங்கள் மார்புப் பட்டை மாட்டி, இருக்கையின் சீட் பெல்ட் கொக்கியில் குட்டையாகப் பிணைத்து, கீழே வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டிருந்தோம். கழுத்துப் பட்டையில் கட்டக் கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் கழுத்து முறியக்கூடும். இவ்வளவு முன்னேற்பாடு இருந்தும், பாளையத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் கண்ணை மூட இடம் கிடைக்குமா என்று தேடியலைந்து, கடைசியில் ஒரு டீக்கடைக்காரரின் தயவில் அவருடைய புளியமரத்தடியில்தான் நிறுத்தினோம். அவர் காசு வாங்க மறுத்ததோடு, நாய்க்கு ஒரு குண்டானில் தண்ணீரும் வைத்தார். ஒரு தனி மனிதர் செய்ததைத்தான் அரசும் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

தேசிய நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் பயணிகளுக்கான வசதி வளாகம் அமைப்பது என்பது ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட கொள்கை. சுத்தமான கழிப்பறை, குழந்தைகளுக்குப் பாலூட்டும் அறை, மின்வாகனங்களுக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி போன்றவற்றை வலியுறுத்தி 2024 அக்டோபரில் ‘ஹம்சஃபர்’ என்ற பெயரிலும் ஒரு கொள்கை வெளியிடப்பட்டது. பாளையம் சுங்கச்சாவடிக்கு முன்னால், அதாவது இறக்கம் தொடங்குவதற்கு முன்னால், அப்படி ஒரு வளாகம் அமைய வேண்டும். அதில் ஒரு மூலையை வீட்டுப் பிராணிகளுக்கும் கேரவன்களுக்கும் ஒதுக்க வேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. வேம்பும் புங்கையும் நிழல் தரும் ஒரு சிறு திடல், இரட்டைக் கதவு போட்ட கம்பி வேலி, ஒரு தண்ணீர்க் குழாய், கழிவை அள்ளிப் போட மூடியுள்ள தொட்டி, நான்கைந்து வண்டிகள் இரவு நிற்கும் அளவுக்கு லாரிகளிலிருந்து பிரித்த இடம், அங்கே மீட்டர் வைத்த மின் இணைப்பு. கட்டணம் வாங்கட்டும், கொடுக்கத் தயாராகவே இருக்கிறோம். நெடுஞ்சாலை உதவி எண் 1033 எழுதிய பலகைக்குப் பக்கத்திலேயே கால்நடைகளுக்கான அவசர உதவி எண் 1962-ஐயும் எழுதி வைக்கலாம். வழிப்போக்கருக்கும் அவரோடு வரும் பிராணிக்கும் சேர்த்து யோசிப்பது நமக்குப் புதிதும் அன்று. தண்ணீர்ப் பந்தல், சோலை எல்லாம் அடங்கிய முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் பசுவுக்கு வாயுறையும் (ஒரு கைப்பிடிப் புல்), மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சு தறியும், விலங்குக்கு உணவும் இருக்கின்றன. சத்திரம் கட்டியவர்கள் வண்டி மாட்டுக்குத் தொட்டி கட்டாமல் விட்டதில்லை. நான்கு வழிச்சாலை போட்டவர்கள்தான் அதை மறந்துவிட்டார்கள்.

பக்கத்து மாநிலத்தையும் பார்க்கலாம். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொல்லப்போனால், பெரிய கேரவன்கள் ஏற்காட்டுக்கு ஏறாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பேருந்து வந்துவிட்டால் நீளமான வண்டியைத் திருப்ப இடம் போதாது. வளைவுகளில் சுற்றுலாப் பயணிகள் தீனி போட்டுப் பழக்கிய குரங்குகள் கும்பலாக உட்கார்ந்திருக்கும். நாயைக் கண்டால் இரு தரப்புக்கும் வெறி பிடித்துவிடும். காப்பித் தோட்டங்களை ஒட்டிய சாலைகளில் காட்டெருமை நிற்கும். குரைத்துக்கொண்டு ஓடும் நாயைத் துரத்தி வரும் காட்டெருமை, நாயின் சொந்தக்காரரை நோக்கித்தான் வந்து சேரும். ஆகவே கேரவனைக் கீழேயே நிறுத்திவிட்டுச் சிறிய காரில் ஏறுவதுதான் முறை. எங்கள் வண்டியையும் கீழே தெரிந்தவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, நாயைக் காரில்தான் மேலே கொண்டுபோனோம். ஆனால் தெரிந்தவர் வீடு இல்லாதவர் எங்கே நிறுத்துவார்? கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம் பகுதியில் அரசுப் புறம்போக்கு நிலம் இருந்தால் அதில் ஒரு நிறுத்துமிடம் அமைக்கலாம்.

அங்கே இன்னொரு ஏற்பாடும் அவசியம்: கழிவுநீரைக் கொட்ட ஓர் இடம். கேரவனில் பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்கு ஒரு தொட்டி என்று இரண்டு இருக்கும். இவற்றைக் காலி செய்ய முறையான இடம் இல்லாததால், இருட்டியதும் ஓடை ஓரத்தில் வால்வைத் திறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். மலையில் அப்படித் திறந்துவிட்டால் அது கீழே இருக்கும் கிராமத்தின் குடிநீரில்தான் போய்ச் சேரும். நாற்றத்தை அடக்கக் கழிப்பறைத் தொட்டியில் ஊற்றும் ரசாயனமும் அதோடு கலக்கும். சேலம் மாநகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தத் தொட்டிகளைக் காலி செய்ய அனுமதித்தால் போதும். செப்டிக் டேங்க் லாரிகளுக்கு இருக்கும் நடைமுறையே இதற்கும் பொருந்தும்.

மனிதருக்கே ஒழுங்கான கழிப்பறை இல்லாத சாலையில் நாய்க்குத் திடல் கேட்கிறாரே என்று சில வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவேன். தெருநாய்க் கடியால் குழந்தைகள் பாதிக்கப்படும் செய்திகள் வரும் காலத்தில் அந்தக் கோபம் நியாயமற்றதும் அல்ல. கழிப்பறை முதலில் வரட்டும். அதற்கு நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால் நான் கேட்பது நாயின் சொகுசுக்காக மட்டும் இல்லை. தூங்கிவழிந்து இறக்கத்தில் வரும் ஓட்டுநரின் வண்டியில் நாய் இருக்கிறதா என்று பார்த்து, அவர் எதிரே வரும் இருசக்கர வாகனம் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே சமயம், இந்த வசதியைக் கேட்கும் எங்களுக்கும் கடமை உண்டு. ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டை கையில் இருக்க வேண்டும். அது இல்லாத நாயைத் திடலுக்குள் விடவே கூடாது. பிராணிகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ஆம் ஆண்டு விதிகள், நாய் பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழைக் கேட்கின்றன. பலருக்கும் இது தெரிவதில்லை. தோட்டப் பகுதிக்குக் கொண்டுவருபவர்கள் உண்ணிக்கு மருந்து போட்டுக் கொண்டுவர வேண்டும், உண்ணிக் காய்ச்சல் வந்தால் வயதான நாய் பிழைப்பது கடினம். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னதாகவே உணவை நிறுத்திவிட்டால் வழியில் வாந்தி எடுக்காது. தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர், வெயில் காலத்தில் அதற்கும் மேலே. நாயின் கழிவை அள்ளிப் போட வெட்கப்படுபவர் நாய் வளர்க்க வேண்டாம்.

மே மாதத்தில் நடக்கும் ஏற்காடு கோடை விழாவில் கால்நடை பராமரிப்புத் துறை நாய்கள் கண்காட்சி நடத்துவது வழக்கம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் சேலத்து வெயிலைக் கடந்துதான் மேலே வருகின்றன. அந்தச் சில நாட்களுக்காவது அடிவாரத்தில் பந்தல் போட்டு, தண்ணீர் வைத்து, நாமக்கல் அல்லது தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு தடுப்பூசி அட்டையைச் சரிபார்க்கும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் சோதனையாகச் செய்து பார்க்கலாம். அங்கே எத்தனை வண்டிகள் நின்றன, எவ்வளவு நேரம் நின்றன என்று பதிவேட்டில் குறித்து வைத்தால், பாளையத்தில் நிரந்தர இடம் கேட்டு நெடுஞ்சாலை ஆணையத்துக்கு எழுதும்போது அந்தக் கணக்கையே இணைத்து அனுப்பலாம். மாவட்ட ஆட்சியரும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சேலம் பகுதி அதிகாரிகளும் இதைக் கவனத்தில் கொள்ளும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.